மச்சான் சிபாரிசு செய்த ஸ்பீக்கர்

நெல்லித்தோப்பு,
புதுச்சேரி.
வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணி.

உழவர்கரையில் வசிப்பவனும், அமரர் கோவிந்தராசு அவர்களின் ஒரே குமாரனும், என் மனைவி சுலோசனாவின் ஒரே தம்பியும், கடைக்கு வருகிற சகல மின்சாதனங்களுக்கும் யாரும் கேட்காமலே ஆலோசகனாக இருப்பவனுமான சிரஞ்சீவி ஹரிகிருஷ்ணனுக்கு, நெல்லித்தோப்பில் வசிக்கும் பத்திர எழுத்தர் ஜானகிராமன், நல்ல நினைவோடும், பிறர் தூண்டுதலோ கட்டாயமோ இல்லாமலும், காலையிலும் மத்தியானமும் ஒரே உப்புமாவைச் சாப்பிட்ட நிலையிலும் எழுதிக்கொண்ட கடிதம். இங்கு நான் நலம். அங்கு நீயும், உன் மனைவி மக்களும், போன சனிக்கிழமை காலையிலிருந்து உன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் என் மனைவியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே உப்புமா இருக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

நாலு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற மச்சானுக்குத் தபாலா, ஒரு போன் பண்ணினால் ஆகாதா என்று கேட்பாய். கேட்காதே. போனில் பேசினால் பேச்சு அந்தப் போனில்தான் கேட்கும் என்று நம்பி வாழ்ந்த அப்பாவி நான். அந்த நம்பிக்கை போன வெள்ளிக்கிழமை, பதினோரு பெண்கள் முன்னிலையில் செத்துவிட்டது. காகிதம் தேவலாம். ஒட்டின உறைக்குள் அது வாயை மூடிக்கொண்டு கிடக்கும். அடுத்த வீட்டுக் கூடத்தில் போய்ச் சத்தம் போட்டுத் தன்னைத்தானே படித்துக் காட்டாது.

விஷயம் இதுதான். உன் அக்காவை இங்கே அனுப்பு. நீ தேர்ந்தெடுத்துத் தந்த அந்த நீல நிற ஸ்பீக்கரை நான் அங்கே அனுப்புகிறேன். எங்கள் தொழிலில் இதற்குப் பரிவர்த்தனை என்று பெயர். இரு தரப்பும் சம்மதித்தால் ஒரு வில்லங்கமும் கிடையாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. காலையில் சவரம் பண்ணும்போது போனைப் பித்தளைச் சொம்புக்குள் நிறுத்திவைத்து, செய்தியும் அதன்பிறகு நாலு பழைய பாட்டும் கேட்பேன். சொம்பு சத்தத்தை ஒன்றரை மடங்காக்கும். அதற்குச் சார்ஜ் போட வேண்டாம், அது யாரோடும் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளாது, தாகம் எடுத்தால் தண்ணீரும் குடிக்கலாம். இப்படிப்பட்ட சாதனத்தைத்தான் நீ பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது பார்த்துவிட்டு, குளிக்கப் போனவன் துண்டோடு நின்று சிரித்தாய்.

"இன்னா மாமா இது, சொம்புல போட்டு வச்சிருக்கீங்க? கெணத்துல வுழுந்தவன் கத்தற மாரி இருக்குது. ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்குங்க. கைக்கு அடக்கமா, எங்க வேணா தூக்கினு போலாம்."

"எங்கடா தூக்கினு போறது? கூடத்துலேர்ந்து கொல்லைக்கா?"

"அப்டியெல்லாம் நெனைக்காதீங்க மாமா. லைஃபே மாறிடும்."

மாறித்தான் போனது. அன்று ராத்திரிக்குள் நீ எனக்குப் பதினான்கு வீடியோ அனுப்பினாய். பதினான்கையும் பார்த்தேன் என்பதைத் தலைகுனிந்து ஒப்புக்கொள்கிறேன். பிரெஞ்சுக்காரர் காலத்து நோட்டரிகளான நொத்தேர்கள் எழுதின பத்திரங்களை எழுத்துக் கூட்டிப் படித்து மனையின் நாலு எல்லைகளைக் கண்டுபிடிக்கிற மூளை இது. அதை இரண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, இருபது வாட்ஸா முப்பது வாட்ஸா என்று பையன்கள் சண்டை போடுவதைப் பார்க்க உட்கார்த்தி வைத்தேன். ஒருவன் ஸ்பீக்கரைத் தடவிக் கொடுத்து, "இதுல ஒரு உயிர் இருக்கு நண்பர்களே" என்றான். இன்னொருவன் அதை மாடியிலிருந்து கீழே போட்டான். மூன்றாமவன் வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் முக்கி வைத்து, எடுத்து, அது பாடுவதைக் கேட்டு அழாக்குறையாகச் சந்தோஷப்பட்டான். தண்ணீருக்கு அடியில் பாட்டுக் கேட்கிற ஆசை எந்த மனுஷனுக்கு வரும் ஹரி? நான் செய்தி கேட்பது கூடத்தில். நெல்லித்தோப்பில் எவ்வளவு மழை பெய்தாலும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்ததில்லை, ஸ்பீக்கரோ அலமாரி மேல்தட்டில். ஆனால் 'வாட்டர் புரூஃப் இல்லாம வாங்காதீங்க மாமா' என்று நீ சொன்னாயா, எனக்கு அது இல்லாமல் தூக்கம் வராத மாதிரி ஆகிவிட்டது.

நேரு வீதியில் நம் ஷஹாபுதீன் கடைக்குப் போனேன். அவர் கடைப் பத்திரம் நான் எழுதியது. பொய் சொல்ல மாட்டார். என் தேவையைக் கேட்டுவிட்டு, சோப்பு டப்பா அளவில் ஒன்றை எடுத்து வைத்தார். "செய்தியும் பழைய பாட்டும்தானே அண்ணே? இது போதும். பேச்சு தெளிவாக் கேக்கும். பெருசெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" அவர் சொன்னதை அங்கேயே கேட்டிருந்தால் இன்று நான் வத்தக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். கெட்ட நேரம், உனக்கு வீடியோ கால் போட்டேன். நீ அந்தச் சின்னதைப் பார்த்து மூக்கைச் சுளித்தாய். "பேஸ் இல்ல மாமா, தம்முனு அடிக்காது. பேஸ் இல்லாத ஸ்பீக்கர வாங்கறதுக்கு நீங்க சொம்பையே வச்சிக்கலாம்." ஷஹாபுதீன் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மச்சான் உறவு என்பதைப் புரிந்துகொண்டு பெரியதை இறக்கினார். கடையில் எல்லா ஸ்பீக்கரையும் ஒரே குத்துப் பாட்டைப் போட்டுத்தான் சோதிக்கிறார்கள். கண்ணாடி அலமாரி அதிர்ந்தது, என் சட்டைப்பையிலிருந்த பேனா அதிர்ந்தது. செய்தி போட்டுக் காட்டச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. தலையை ஆட்டினேன். வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து செய்தியைப் போட்டால், வாசிக்கிறவர் வயிற்றிலிருந்து பேசுகிறார். இன்று லேசான மழை பெய்யக்கூடும் என்பதை அவர் சொன்ன குரலில் எமன் கூடச் சொல்லியிருக்க மாட்டான். அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன. தினமும் பாலுக்கு வருகிற பூனை நடுக்கூடத்தில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்குக் குடிபோனது, இன்னும் திரும்பவில்லை. இந்த வீட்டை விட்டு முதலில் போனது அதுதான் என்பதைப் பதிவு செய்கிறேன்.

தூக்கிக்கொண்டு போகத்தானே வாங்கினோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கடற்கரைச் சாலைக்கு நடக்கப் போனேன். அங்கே போய்ப் பார்த்தால் எனக்கு முன்னால் நாற்பது பேர் மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள். இடுப்பில் ஒருவர் பக்திப் பாட்டு, கழுத்தில் ஒருவர் தன்னம்பிக்கைச் சொற்பொழிவு. வெளியூரிலிருந்து சனி ஞாயிறுக்கு வந்த கூட்டம் பெட்டி படுக்கை அளவுக்கு ஒன்றைப் பாறை மேல் வைத்து, கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாதபடி பண்ணிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் காது இரண்டு, சத்தம் நாற்பது. என் தோளிலிருந்து எமன் குரலில் செய்தி. எதிரே வந்த ஒரு அம்மாள் நின்று, பரிதாபமாகக் கேட்டாள்: "காணாமப் போன புள்ளையப் பத்திச் சொல்றீங்களா சார்? ஆம்பளப் புள்ளையா பொம்பளப் புள்ளையா?" நான் அணைத்துவிட்டு, வாக்கிங் போகிற மற்ற முட்டாள்களை மனதாரத் திட்டிக்கொண்டு, அவர்களில் ஒருவனாகவே வீடு திரும்பினேன்.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் புதுப் பொருள் வாங்கினால் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்ட வேண்டும் என்பது நம் குடும்பத்து வியாதி. உன் அக்கா போனை அதோடு சேர்த்து வைத்தேன். மாடியில் குடியிருக்கும் சுமலதா வாடகை கொடுக்க வந்தார். காபி கொடுக்கிற மாதிரி அவர் போனையும் சேர்த்து வைத்தேன். மறுநாளிலிருந்து, அவர் மேலே சமையல் வீடியோவைத் தட்டினால் அது என் கூடத்தில் முழங்கும். நடுவில் இருப்பது ஒரே ஒரு சிமெண்டுத் தளம். அதை இந்தச் சனியன் மதிப்பதில்லை. ஒரு பாகப்பிரிவினைக்காக என் எதிரே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அண்ணன் தம்பி இருவருக்கும், மூத்தவர் பாகத்தை நான் படித்துக் காட்டுகிற நேரத்தில், "இப்ப இத ரெண்டா வெட்டி உப்பு தடவிக்கலாம்" என்று ஒரு பெண் குரல் சொன்னது. அவர்கள் அதற்குப் பிறகு என்னிடம் வரவில்லை. சுமலதாவிடம் மன்னிப்புக் கேட்டு, அவர் போனிலிருந்து அந்தத் தொடர்பை அழித்தோம். இதெல்லாம் சில்லறை. இனிமேல்தான் சங்கதி.

உன் அக்காவின் வெள்ளிக்கிழமை பஜனை உனக்குத் தெரியும். ஒன்பது வருஷமாக ஒரு வாரம் தவறியதில்லை. மாலை ஐந்து மணிக்கு நம் கூடத்தில் பதினோரு பேர், நடுவில் ஜால்ராவோடு சுலோசனா. தம்புராவுக்குப் பதில் அவள் போனில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. தட்டினால் அதுவே சுருதியை மீட்டிக்கொண்டிருக்கும். போன வெள்ளிக்கிழமை நான்தான் பெருந்தன்மையாக, "அந்தச் சுருதிய நம்ம ஸ்பீக்கர்ல போட்டுக்கோயேன், கம்பீரமா இருக்கும்" என்றேன். போட்டார்கள். கம்பீரமாகத்தான் இருந்தது. பாட ஆரம்பித்ததும் நான் வழக்கம்போலக் கொல்லைக்குப் போய்த் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன்.

இங்கே உன் பதினான்கு வீடியோக்களில் மூன்றாவது ஞாபகம் வரட்டும். 'ஒரே நேரத்தில் இரண்டு போன்களோடு இணையும். அழைப்பு வந்தால் பாட்டை நிறுத்திவிட்டு அழைப்பைக் கொடுக்கும்.' அதை ஒரு வரமாகச் சொன்னான் பாவி.

எனக்கு ராஜவேல் போன் செய்தான். பத்திரப் பதிவு ஆபீஸ் வாசலில் என் பக்கத்து மேசைப் பத்திர எழுத்தர். வாய்க்குப் பூட்டு இல்லாதவன். எடுத்து "ஹலோ" என்றேன். ஒரு சத்தமும் இல்லை. ஹலோ ஹலோ என்று நாலு தரம் கத்தினேன். சிக்னல் கோளாறு என்று வைத்துவிட்டு நானே மறுபடி போட்டேன். அப்போதும் இல்லை. கிணற்றடிக்கு நகர்ந்து நின்று மூன்றாம் தரமும் போட்டேன். கூடத்தில் பாட்டு நின்றிருந்தது. மூச்சு வாங்குகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

கூடத்தில் நடந்ததை ராஜவேலும் சுமலதாவும் தனித்தனியே சொன்னதிலிருந்து தொகுத்து எழுதுகிறேன். சுருதி சட்டென்று நின்றது. அலமாரி மேலிருந்து, பேஸ் பூரணமாக, ராஜவேல் பேசினான்: "ஏய் ஜானகி, முடிஞ்சிதா உங்க வூட்டு ஏலம்? நீ சொன்னியே, தேங்காய்த்திட்டுல வஞ்சிரம் ஏலம் வுடறவனாவது நடுவுல மூச்சு வுடுவான், எங்க வூட்டம்மா வுடமாட்டான்னு... அத எங்க வூட்டுல சொன்னேன், சிரிச்சி சிரிச்சி பொரை ஏறிடுச்சி!" இது முதல் தரம். இரண்டாம் தரம்: "ஹலோ, ஜால்ரா சத்தம் மட்டும் கேக்குது. பஞ்சு வாங்கியாந்து குடுத்தேனே, காதுல வச்சினியா இல்லியா?" அவர்களாவது ஸ்பீக்கரை அணைத்திருக்கலாம். ஒருவரும் அணைக்கவில்லை ஹரி. பதினோரு பேரும் வாயை மூடிக்கொண்டு அடுத்ததற்காகக் காத்திருந்தார்கள். நான்தான் கிணற்றடியிலிருந்து அடுத்ததைப் போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் தரம்: "மேல் வூட்டு சுமலதா பாடறப்ப, மிக்ஸி ஓடுதா அவங்க பாடறாங்களான்னு தெரியலன்னு சொன்னியே, இன்னிக்கு எது ஓடுது?"

போன் வேலை செய்யவில்லை என்று அலுத்துக்கொண்டு நான் உள்ளே வந்தேன். பதினோரு பேரும் என்னையே பார்த்தார்கள். இங்கிதம் தெரிந்த மனுஷன் என்ன சொல்வானோ அதைச் சொன்னேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க? இன்னிக்கு அருமையா இருந்துதே! கொல்லையில கண்ண மூடிக் கேட்டுனு இருந்தேன்."

சுமலதா பாயைச் சுருட்டிக்கொண்டே, "பஞ்ச எடுத்துட்டா கேட்டீங்க?" என்றார்.

உன் அக்கா ஜால்ராவைத் துணியில் சுற்றி உள்ளே எடுத்துப் போனாள். அன்று ராத்திரி சாதம் போட்டாள், குழம்பு ஊற்றினாள், அப்பளம் கூட வைத்தாள். அந்த அப்பளம்தான் எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள் காலை பையும் ஜால்ராவுமாக ஆட்டோவில் ஏறும்போது ஒரே ஒரு வார்த்தை. "அந்தப் பொட்டிய பத்திரமா வச்சிக்குங்க. இந்த வூட்டுல உள்ளத உள்ளபடி சொல்றது அது ஒண்ணுதான்."

இப்போது என் தரப்பு. முதலாவது, ராஜவேல் சொன்னதை நான் சொல்லவில்லை. அவனாகக் கட்டியது. இரண்டாவது, சொல்லியிருந்தாலும் அது புகழ்ச்சி. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலக்காரர் ஒருவர் குரல் கொடுத்தால் படகிலிருக்கிறவன் திரும்பிப் பார்க்கிறான். எந்தப் பாடகருக்கு அந்தப் பாக்கியம்? மூன்றாவது, பேஸ் வேண்டும் என்றது நீ. சோப்பு டப்பா ஸ்பீக்கராக இருந்திருந்தால், ராஜவேல் சொன்னதில் பாதி ஜால்ராவில் அமுங்கியிருக்கும். ஆகவே குற்றம் உன்னுடையது. அக்காவை வைத்துக்கொண்டு மூன்று வேளையும் நல்ல சாப்பாடு சாப்பிடுகிறாயே, குற்றத்துக்கு இப்படி ஒரு தண்டனை எந்த ஊரில் உண்டு?

நான் இங்கே நிம்மதியாக இருக்கிறேன் என்று அவளிடம் சொல். வீடு அமைதியாக இருக்கிறது. பாக்கெட் பஞ்சை அலமாரியில் போட்டுவிட்டேன், தேவையில்லை. மாலை ஐந்து மணி ஆனால் கொல்லைக் கல்லில் போய் உட்காருகிறேன், பழக்க தோஷம். உட்கார்ந்தால் எதிர்வீட்டு மோட்டார் சத்தம்தான் கேட்கிறது. அது மூச்சு விடுகிறது. அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

நேற்று ஷஹாபுதீனிடம் போய் என் போனிலிருந்து அந்தச் சனியனின் தொடர்பை அடியோடு அழித்துக்கொண்டு வந்தேன். "நான் அன்னிக்கே சொன்னேன்" என்று அவர் சொல்லவில்லை. முகத்தில் மட்டும் எழுதி வைத்திருந்தார். இப்போது அதற்கு உரிமை கொண்டாட இந்த வீட்டில் யாரும் இல்லை. திருப்பிக் கொடுக்கிற பொருள் ஓடுகிற நிலையில் இருக்க வேண்டும் என்பதால் சார்ஜ் போட்டு, இயக்கி, பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து எடுத்துப் போ. அதை நீ உன் வீட்டு வாளியில் முக்கு, மாடியிலிருந்து போடு, உயிர் இருக்கிறதா என்று தடவிப் பார். அக்காவை மட்டும் அனுப்பு.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் இருவரும் நீண்ட ஆயுளோடு, அப்பன் பேச்சைக் கேட்காமல், நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
மேற்கண்ட விவரங்களைப் படித்துப் பார்த்து, சரியென ஒப்புக்கொள்ளும்
உன் மாமா
ஜானகிராமன்

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டுப் பேனா மூடியைத் திருகும்போது, பக்கத்திலிருந்த சனியன், யாரும் தொடாமல், "கனெக்டட்" என்றது. என் போனிலிருந்து அதை அழித்தாயிற்று. சுமலதா போனிலிருந்தும் அழித்தாயிற்று. எழுதித் தேய்ந்த மூளை ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு போன்தான்.

வாசலுக்கு ஓடினேன். யாரும் இல்லை. மாடிப்படியின் கீழே மட்டும் பத்துப் பன்னிரண்டு ஜோடிச் செருப்பு. ஒரு ஜோடியின் வாரை நான்தான் தைத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். பஜனை இந்த வாரமும் தவறவில்லை ஹரி; என் தலைக்கு மேலே இடம் மாறியிருக்கிறது, உனக்குத் தெரிந்தே நடந்திருக்கிறது. உள்ளே திரும்பினால் ஸ்பீக்கரிலிருந்து தம்புரா. மேலே உன் அக்காவின் குரல்: "சுருதி போட்டனே, சத்தமே வர்லியே?" வேறொரு குரல்: "இன்னும் ஏத்துங்கக்கா." ஏற்றினார்கள். கீழே என் டம்ளர்கள் ஆட ஆரம்பித்தன. மேலே, "ம்ஹூம், ஒண்ணும் கேக்கல. போன் போயிடுச்சு போல." கிணற்றடியில் நின்று ஹலோ ஹலோ என்று கத்தியவனுக்கு அந்தத் தவிப்பு தெரியும்.

மீனும் மிக்ஸியும் நான் சொன்னதுதான். பஞ்சும் உண்மை. மேலே மறுத்ததையெல்லாம் அடித்துவிட்டதாக எடுத்துக்கொள். ஸ்பீக்கரை எடுக்க வராதே, தருவதாக இல்லை. கடிதத்தை மட்டும் தபாலில் சேர்க்கிறேன். எழுதின பத்திரத்தைக் கிழித்துப் போட்டு எனக்குப் பழக்கமில்லை.

தம்புரா பாடப் பாட அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். சுமலதா கதவைத் திறந்தார், வழி விட்டார். பதினோரு பேரும் பார்த்தார்கள். உன் அக்கா ஸ்பீக்கரைப் பார்த்தாள், அப்புறம் என் காதுகளை, முதலில் ஒன்று, பிறகு மற்றது.

"அலமாரி மேல வைங்க."

வைத்தேன். போகவில்லை. கதவோரம் செருப்பு விடுகிற இடத்தில் உட்கார்ந்தேன். அவள் ஜால்ராவை எடுத்துக்கொண்டு மற்றவர்கள் பக்கம் திரும்பினாள்.

"சரி, ஏலத்த ஆரம்பிக்கலாமா?"